பழகிய கை

இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த வசந்தாமணி தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் போன் வந்தது. பேசியவன் தன் பெயர் திருமூர்த்தி என்றான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அரசுத் திட்டத்தில் கொடுக்கும் கட்டில் ரோபோக்களைப் பழுது பார்க்கிறவன். அவள் வீட்டில் இருந்த ரோபோவின் கை இப்போது கரும்புக்கடைப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு வேலை செய்கிறது என்றும், அதில் தன்னால் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் வந்திருக்கிறது என்றும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். கணவர் நாச்சிமுத்து இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் கையைப் பற்றி இனி யாராவது தன்னிடம் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ஏனுங்க்கா, ஒண்ணு கேக்கோணும். உங்க வீட்டுல கட்டிலுக்கு இடது பக்கம், தரையில, யாராச்சும் படுத்துத் தூங்குவாங்களா?"

"நான்தானுங்க தம்பி" என்றாள். "ஏன், என்னாச்சு?"

போனில் சொன்னால் புரியாது, ஒருநாள் காலையில் நேரில் வந்தால் நல்லது என்றான் அவன். கூப்பிடுவதற்குத் தனக்கு உரிமை இல்லை, வர விருப்பமில்லை என்றால் தவறாக நினைக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னான். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வருவதாக அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஏன் ஒப்புக்கொண்டோம் என்று யோசித்தாள்.

நாச்சிமுத்து பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உக்கடத்தில் நின்று அவர் ஆளைக் கூப்பிட்டால் டவுன்ஹாலில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு ஏறியவர், இறங்கியவர், சண்டை போட்டவர், கைக்குழந்தையை மடியில் கொடுத்துவிட்டு மறந்து இறங்கப் பார்த்தவர் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை பேசுவார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சுதான் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வண்டியிலேயே சுருண்டு விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பிழைத்தார். ஆனால் கைகால் எதுவும் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. கழுத்தைக் கொஞ்சம் திருப்ப முடிந்தது. கண் மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்டது.

அப்போதுதான் ரோபோ வந்தது. மனுஷ உருவத்தை எதிர்பார்த்து வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஏமாந்து போனார்கள். கட்டிலோடு முடுக்கிய ஓர் இரும்புக் கம்பம், அதில் ஒரு நீளமான கை, தலைமாட்டில் ஒரு கண், கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டி. அவ்வளவுதான். நாச்சிமுத்து கண்ணை எந்தப் பக்கம் நகர்த்துகிறாரோ, கை அந்தப் பக்கம் போகும். இரண்டு முறை சிமிட்டினால் நிற்கும். அது தூக்கும், புரட்டிப் படுக்க வைக்கும், துடைக்கும், ஊட்டும். முதலில் சில மாதம் அதன் பிடி முரடாக இருந்தது. அவர் அக்குளெல்லாம் கன்றி நீலமாகிவிட்டது. வசந்தாமணி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதிருக்கிறாள். பிறகு மெல்ல மெல்ல அது பழகியது. கடைசியில் அது அவரைத் தூக்கும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

அது வந்த பிறகுதான் அவளால் மில் வேலைக்குத் திரும்ப முடிந்தது. பகலில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரவு ஷிஃப்டையே கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் வந்ததும் மில்லில் நடந்ததையெல்லாம், அவர் முன்பு சொன்ன மாதிரி, அவருக்குச் சொல்வாள். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வெளி உலகத்தைப் பற்றிக் கேட்பது அவருக்கு வலிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதோடு நிறுத்திக்கொண்டாள். வேளைக்கு வேண்டியதை மட்டும் கேட்பாள், அவர் சிமிட்டுவார். அவள் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தால், அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். தன்னை விட்டுவிட்டு அவர் மனசு வெளியே போய்விட்டது என்று அவள் நினைத்தாள். அப்படியே பல வருடம் கழிந்தது. ஓர் ஆடி மாதத்தில் அவர் இறந்தார். திட்டத்துக்காரர்கள் வந்து ரோபோவைக் கழற்றி எடுத்துப் போனார்கள்.

கரும்புக்கடை வீட்டில் திருமூர்த்தி வாசலிலேயே நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். உள்ளே கட்டிலில் ஷமீமா என்ற பெண் படுத்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள், ஸ்கூட்டர் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து இப்படி ஆகிவிட்டாள். பேச முடியும், ஆனால் மூச்சை இழுத்து இருமக்கூடச் சக்தி இல்லை. அவள் கணவர் காதர் ஒரு பேக்கரியில் மாஸ்டர். விடியற்காலையில் போனால் பதினொரு மணிக்கு மேல்தான் வர முடியும். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

"வாங்கக்கா" என்றாள் ஷமீமா. "நைட்டெல்லாம் வேலை பாத்துட்டு வந்திருக்கீங்க. உங்களை வேற சிரமப்படுத்துறோம்."

வசந்தாமணி அவளைப் பார்ப்பதற்கு முன்பே கையைப் பார்த்துவிட்டாள். கட்டை விரலருகே ரப்பர் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. சுடுபாத்திரத்தில் பட்ட இடம். அதைத் தொடலாமா என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டீ குடித்துக்கொண்டே திருமூர்த்தி விஷயத்தைச் சொன்னான். இந்த ரோபோவில் கை மட்டும்தான் பழசு. கண் புதிது, விட்டத்தில் மாட்டியிருக்கிறது, அறை முழுவதையும் பார்க்கும். கட்டிலுக்கடியில் இருக்கும் மூளைப் பெட்டியும் புதிது, பேட்டரியும் புதிது. ஒரு நோயாளி இறந்துவிட்டால் அந்த வீட்டு ரோபோவின் கண்ணையும் மூளையையும் முழுக்க அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்த வீட்டில் பார்த்தது, கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது.

"கையை மட்டும் ஏன் அழிக்கலீங்க?"

"கைக்கு ஆளைத் தெரியாதுங்க்கா. பேரு, முகம் ஒண்ணும் தெரியாது. அந்தக் காலத்துல ரோபோன்னா மூளைதான் எல்லாம். கண்ணு பாத்துச் சொல்லும், மூளை யோசிக்கும், ஒவ்வொரு மூட்டுல இருக்கிற மோட்டாருக்கும் இவ்வளவு திரும்பு, இவ்வளவு அழுத்துன்னு அதுதான் உத்தரவு போடும். ரொம்ப மெதுவா இருக்கும், முரடா இருக்கும். அப்புறம் மூட்டுக்கு மூட்டு சின்னதா ஒரு நினைவை வெச்சாங்க. திரும்பத் திரும்பச் செய்யறதை மூட்டே பழகிக்கும். சைக்கிள் ஓட்டறவன் காலை எங்க வெக்கறதுன்னு யோசிச்சா ஓட்டறான்? அந்த மாதிரிங்க."

அதனால் பழகிய கைகளுக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி என்றான். புதுக் கை வலிக்க வைக்கும். பல வருடம் ஒருவரைத் தூக்கிப் பழகிய கை யாரைத் தூக்கினாலும் பூப்போலத் தூக்கும். ஆனால் பழைய வீட்டுப் பழக்கங்களும் கூடவே வந்துவிடும். ஒரு வீட்டில் கை, நோயாளியைத் தூக்குவதற்கு முன்னால் அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுத்தான் தூக்கும். அங்கே யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே வந்திருப்பது அப்படிப்பட்டதல்ல.

"காலையில என்னைத் துடைச்சுப் படுக்க வெச்சதும் அது அந்தப் பக்கம் போயிடுதுக்கா" என்றாள் ஷமீமா. "கட்டிலைத் தாண்டிக் கீழ இறங்கி, உள்ளங்கையை விரிச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்குது. அங்க ஒண்ணுமே இல்ல. நான் கூப்பிட்டா வர்றதில்ல. வெகுநேரம் கழிச்சு அதுவா வருது."

கை எதையாவது பிடித்திருக்கும்போது வேறு உத்தரவை ஏற்காது, ஏற்கவும் கூடாது என்று திருமூர்த்தி விளக்கினான். நோயாளியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு வேலை சொன்னால் அவரைப் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாதல்லவா. இந்தக் கை அந்த நேரத்தில் எதையோ பிடித்திருப்பதாகவே நம்புகிறது. போன வாரம் அப்படி நின்றிருந்தபோது ஷமீமாவுக்குச் சளி அடைத்துக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்ததால் தப்பினாள். மேலதிகாரிகள் கையை மொத்தமாக அழித்துவிடச் சொல்கிறார்கள். அழித்தால் தூக்கிப் பழகியதெல்லாமும் போய்விடும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் அது எதற்காக என்று தெரிய வேண்டும். அவனே தரையில் படுத்துப் பார்த்திருக்கிறான். கை அவன் நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது. தன்னைவிடக் குள்ளமான ஒருவர் அங்கே படுத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

காதர் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். புதுப் பாய். விரித்துவிட்டு, அந்நியப் பெண்மணி படுக்கப் போகிறார் என்பதால் அவர் சமையலறைக்குப் போய்விட்டார். வசந்தாமணி கூச்சத்தோடு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வீட்டில் படுக்கிற மாதிரியே, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

கை வந்தது. அவள் முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில், உள்ளங்கை கீழே பார்க்க, நின்றது. தொடவில்லை.

அறை மங்கலாக இருந்தது. ஜன்னல் திரையை மூடி வைத்திருந்தார்கள். வெளிச்சத்தால்தான் கை அப்படிப் போகிறதோ என்று சந்தேகப்பட்டு முதல் வாரமே மூடியது, பிறகு திறக்கவே இல்லை. வசந்தாமணி தன் வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும் என்றாள். திரை போட்டால் நாச்சிமுத்துவுக்கு ஆகாது. இங்கேயும் திறந்து பார்க்கலாமே என்றாள்.

திருமூர்த்தி திரையை இழுத்தான். கிழக்கு வெயில் சரேலென்று உள்ளே விழுந்தது. பாய், தலையணை, அவள் தோள், கழுத்து, காதில் இருந்த கம்மல் எல்லாம் வெயிலில் நனைந்தன. அவள் கண்கள் மட்டும் நிழலில் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் வெயில் இம்மி நகர்ந்தது. கையும் இம்மி நகர்ந்தது.

"வெயிலை மறைக்குது" என்றாள் ஷமீமா.

வசந்தாமணி கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவள் வீட்டு ஜன்னலிலும் காலை வெயில் இப்படித்தான் விழும் என்பதே அவளுக்கு அப்போதுதான் நினைவில் தட்டியது. பத்து மணிக்கு மேல் வெயில் கூரைக்குப் போய்விடும். அவள் எழும்போது உச்சிப்பொழுதாகியிருக்கும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வெயில் பட்டு அவள் கண் விழித்ததில்லை.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் திருமூர்த்தியைக் கேட்டது ஒன்றுதான். இதை ரோபோ தானாகச் செய்ததா, அல்லது அவர் செய்யச் சொன்னாரா.

அவன் தெரியாது என்றான். பக்கத்தில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்ளும்படி சில மூளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த மூளை அழிந்துவிட்டது, இனி கேட்க வழியில்லை. அவளுக்கு மறைக்காமல் சொல்வதானால், ரோபோ தானாகச் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

பிறகு அவன் செய்ய வேண்டியதைச் சொன்னான். சொன்னால் கை எதையும் மறக்காது. செய்து செய்துதான் மறக்கும். அவள் சில நாள் காலையில் வந்து அங்கே படுக்க வேண்டும். கை நிழல் கொடுக்க வரும்போது அதைத் தள்ளிவிட வேண்டும். தன் நிழலில் படுத்திருந்தவர் அதை வேண்டாம் என்கிறார் என்று உள்ளங்கைத் தோலுக்குத் தெரிய வேண்டும். வேறு யார் தள்ளினாலும் அது வழியில் வந்த இடைஞ்சல் என்று எடுத்துக்கொள்ளும். அவள் உயரம், அவள் மூச்சுச் சூடு, இதற்குத்தான் அது பழகியிருக்கிறது.

வசந்தாமணி ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை வந்து படுத்தாள். கை வந்தது. தள்ளுவதற்குக் கையைத் தூக்கினாள், முடியவில்லை. இரவெல்லாம் நின்ற கால்வலியோடு, அந்த நிழலுக்குக் கீழே அவள் தூங்கிப் போனாள். நாச்சிமுத்து போன பிறகு அவள் அப்படித் தூங்கியதே இல்லை. விழித்தபோது காதர் வேலையிலிருந்து வந்து, மூவருக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார். அவளை எழுப்பக் கூடாது என்று ஷமீமா உத்தரவு போட்டிருந்தாளாம்.

அடுத்த நாளும் அதுவே நடந்தது. நாளைக்குத் தள்ளிவிடுகிறேன் என்று அவள் வெட்கத்தோடு சொன்னாள். ஷமீமா அவசரமில்லை என்றாள்.

அதற்கடுத்த நாள் தூக்கத்தின் நடுவில் ஏதோ ஒரு சின்னச் சத்தம். பாத்திரத்தில் நீர் கொதிப்பதுபோல. வசந்தாமணி கண் திறந்தாள். தலைக்கு மேலே கை அசையாமல் நின்றிருந்தது. அதையும் தாண்டிக் கட்டில் விளிம்பில் ஷமீமாவின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. உதடு கறுத்துப் போயிருந்தது.

அவள் எழுந்து ஓடி ஷமீமாவை அள்ளி ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டினாள். நாச்சிமுத்துவுக்குப் பலமுறை செய்தது. வாயிலிருந்து சளியை விரலால் வழித்து எடுத்தாள். மூச்சு திரும்பி வந்தது. அவ்வளவு நேரமும் கை காலிப் பாயின் மேலே, யாருமற்ற தலையணைக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு, கூப்பிடக் கூடாதா?" வசந்தாமணி அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "ஒரு சத்தம் போட்டிருந்தா எந்திரிச்சிருப்பேனே."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்கக்கா" என்றாள் ஷமீமா.

திருமூர்த்தி விஷயம் கேள்விப்பட்டு மத்தியானமே வந்தான். இனிமேல் இந்த வேலை நடக்கும்போது யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றும், விட்டத்துக் கண்ணைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் மாற்றுவதாகவும் சொன்னான். ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வசந்தாமணி பேச்சுவாக்கில் சொன்னாள், தன் வீட்டில் கண் தலைமாட்டில் இருந்தது, அவரை மட்டும் பார்த்துக்கொண்டு, அதுவே வசதியாக இருந்ததே என்று.

அவன் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினான்.

"தலைமாட்டுலயா? கட்டில் சட்டத்தோட சேத்தா?"

"ஆமாங்க. அவர் கண்ணைப் பாக்கறதுக்குன்னு அப்படி வெச்சாங்க. ரெண்டு பக்கமும் தகடு வெச்சு மூடியிருப்பாங்க."

அவன் இறங்கி வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். அந்த மாடல் தனக்குத் தெரியும் என்றான். முதலில் வந்தவை. பிறகு அந்தத் தகடு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

"அக்கா, அந்த ரோபோவுக்குத் தரை தெரியாதுங்க. நீங்க அங்க படுத்திருக்கறது, வெயில் வர்றது, எதுவுமே அதுக்குத் தெரிஞ்சிருக்க முடியாது. உங்க மூச்சுச் சூடு உள்ளங்கைக்குத் தெரிஞ்சதே, கை அங்க வந்து நின்ன அப்புறந்தான். அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க வீட்டுக்காரர் கண்ணு மட்டுந்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"இவ்வளவு தூரம் தள்ளு, இவ்வளவு கீழ இறக்கு, வெயில் நகருது, இன்னும் கொஞ்சம்னு அவருதாங்க கண்ணாலயே நகத்தியிருக்கோணும். ஒரு நாள் ரெண்டு நாள் செஞ்சாக் கை பழகாது. வருஷக்கணக்கா, தினமும், முழு நேரமும் உங்களையே பாத்துட்டு இருந்திருக்காருங்க."

வசந்தாமணி தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்க்கத்தான் அவர் தலையைத் திருப்புகிறார் என்று அவள் நினைத்திருந்த அந்தக் காலைகள் ஒவ்வொன்றாக அவளுக்குள் புரண்டன. திரை போட்டால் அவருக்கு ஏன் ஆகவில்லை என்பதும் புரிந்தது. இருட்டில் அவளை எப்படிப் பார்ப்பார். அவள் அழுதாள். ஷமீமாவும் அழுதாள், துடைக்க முடியாமல். கை அதுவாகத் துண்டை எடுத்து ஷமீமாவின் கன்னத்தை ஒற்றியது.

அன்று மாலை காதர் அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தார். அதிகம் பேசாத மனிதர். நிறுத்தத்தில் வைத்து, அந்தக் கையை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஷமீமாதான் சொல்லச் சொன்னாள், தனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதிகாரிகளிடம் திருமூர்த்தி பேசுவான். தங்களுக்கு ஒரு புதுக் கை கொடுப்பார்கள், பழகிக்கொள்ளலாம்.

வசந்தாமணி வந்த பஸ்ஸை விட்டுவிட்டாள். புதுக் கை முதலில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அக்குள் கன்றுவதைச் சொன்னாள். தொடை மடிப்பில் தோல் உரிவதைச் சொன்னாள். வலித்தாலும் கத்த முடியாத ஒருவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சொன்னாள்.

"அந்தப் புள்ள அதெல்லாம் பட வேண்டாமுங்க" என்றாள். "அவரு பட்டாச்சு. அது போதும்."

மறுநாள் காதர் லீவு போட்டார். வசந்தாமணி பாயில் படுத்தாள். கை கட்டிலைத் தாண்டி இறங்கி வந்தது. அதன் நிழல் கண்ணில் விழுந்ததும் அவள் இரண்டு கையாலும் அந்த உள்ளங்கையைப் பிடித்தாள். ரப்பர் தோல் இளஞ்சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தள்ளினாள்.

கை பின்வாங்கி நின்றது. திரும்ப வந்தது. முன்னைவிட மெதுவாக, கேட்டுக்கொண்டு வருவதுபோல. அவள் மறுபடியும் தள்ளினாள். அன்று காலை முழுவதும் அது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். வெயில் நேராகக் கண்ணில் அடித்து நீர் வழிந்தது. காதர் வாசலில் போய் நின்றுகொண்டார். ஷமீமா மட்டும் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் வருவது குறைந்தது. ஒருநாள் பாதி வழியில் நின்று யோசித்துத் திரும்பிப் போயிற்று. கடைசியில் ஒரு காலை, ஷமீமாவைத் துடைத்துப் படுக்க வைத்த பிறகு கை தன் கம்பத்தருகிலேயே மடங்கி நின்றது. காதர் தண்ணீர் கொடு என்றார். அது தம்ளரை எடுத்து, ஷமீமாவின் கழுத்தைப் பின்னாலிருந்து தாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் புகட்டியது. தூக்கும் பழக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை. திருமூர்த்தி இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். காதரும் நிம்மதியாகக் கடைக்குக் கிளம்பினார்.

வசந்தாமணி பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாள். இனி இங்கே வர வேண்டிய காரணம் இல்லை. முடிந்தபோது வந்து பார்க்கிறேன் என்று சொல்லிச் செருப்பைத் தேடினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள் ஷமீமா. "அன்னிக்கு மூச்சு முட்டுனப்ப ஏன் கூப்பிடலைன்னு கேட்டீங்கல்ல. முதல்ல லேசாத்தான் அடைச்சுது. அப்பவே கூப்பிட்டிருக்கலாம். எனக்கு மனசு வரல. நீங்க பேசிட்டு இருந்தீங்க."

"நானா? நான் தூங்கிட்டல்ல இருந்தேன்?"

"தூக்கத்துலதான். நீங்க படுத்த மூணு நாளும் பேசுனீங்க. உங்களுக்கு இது தெரியாதா?"

வசந்தாமணிக்குத் தெரியாது. சொல்வதற்கு வீட்டில் யார் இருந்தார்கள். கட்டிலில் இருந்து கேட்டிருந்தவரால் பேச முடியாது.

"என்ன பேசுனேன்?"

"எல்லாந்தான். ஏழாம் நம்பர் மெஷின்ல இழை அறுந்துட்டே இருக்குங்கிறீங்க. சூப்பர்வைசர் பொண்ணுக்குக் கல்யாணம், நீலக்கலர்ல பத்திரிகை வெச்சாங்கங்கிறீங்க. கேன்டீன்ல உப்புமா நல்லால்லங்கிறீங்க. நடுவுல நடுவுல 'ஏனுங்க, கேக்குதுங்களா'ன்னு கேக்குறீங்க. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்க. யாரோ பதில் சொல்ற மாதிரி. அப்புறம் சிரிச்சுட்டு மேல சொல்றீங்க."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் தக்காளி விலையைக் கூவிக்கொண்டு போனார். வசந்தாமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஷமீமாவின் அசையாத விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏழாம் நம்பர் மெஷினை நேற்று இரவு சரி செய்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.